துணிக்கூடத்தில் ஒரு நிலைக்கண்ணாடி

எல்லாருக்கும் வணக்கம்.

போகிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. வீட்டுக்கு வீடு அலமாரியைத் திறந்து வைத்திருக்கும் நேரம் பார்த்துப் பழைய துணியைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்ட உங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நன்றி. சைதாப்பேட்டையில் ஒரு இலவசத் துணிக்கூடத்தில் நான் வேலை செய்கிறேன். சுற்றுவட்டார வீடுகளில் இருந்து வரும் துணியைப் பிரித்து, துவைத்து, கிழிசல் தைத்து, ஹேங்கரில் மாட்டி வைப்போம். வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். பில் கிடையாது.

பழைய துணி என்றதும் சிலருடைய முகம் சுருங்கும். இங்கே இருக்கும் அம்மாக்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை பிறந்ததும் முதலில் எதில் சுற்றினீர்கள்? தாத்தாவின் பழைய வேட்டியில்தானே? நூறு தடவை துவைத்துப் பஞ்சு மாதிரி ஆன வேட்டி. புதுத்துணியில் கஞ்சி விறைப்பு இருக்கும், பச்சைப்பிள்ளைக்கு உறுத்தும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். தூளி கட்டியதும் பழைய சேலையில்தான். அந்த வேட்டியைத் தேடி எடுத்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, ‘இது பிள்ளைக்கு’ என்று மடித்து வைத்தார்கள். துணி கொடுக்கிறவர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரமாகப் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கெங்கிருந்தோ லாரியில் வந்தவை. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. கடலில் உழைத்துச் சம்பாதித்து, நல்லது பொல்லாததற்கு நல்ல துணி உடுத்தி வாழ்ந்தவர்கள் அவர்கள். வீடு போன துக்கத்தில் நிற்கிறவர்களிடம் கறை படிந்த சட்டையை நீட்டினால் எப்படி வாங்குவார்கள்?

அதைப் படித்துத் தெரிந்துகொண்ட நானே 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதே தப்பைச் செய்தேன். அடையாறு கரை தாண்டி ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் முங்கிக் கிடந்த சமயம். ஒரு சேலை, ஒரு நைட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு என்று மூட்டை கட்டினோம். வரிசையில் நிற்க வைத்துக் கையில் கொடுத்தோம். யாருக்கு என்ன அளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களோடு வந்த ஒருவர் போட்டோ எடுக்கப் போனை உயர்த்தினார். வரிசையில் முதலாவதாக நின்ற அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். மூட்டையை வாங்கினார், ஆனால் முகத்தைத் திறக்கவே இல்லை. மறுநாள் காலையில் நாங்கள் கொடுத்த மூட்டைகளில் பாதி தெருமுனையில் ஈரத்தோடு கிடந்தது. அப்போது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எவ்வளவு தப்பு என்று புரிய இரண்டு மாதம் ஆனது.

அதற்கப்புறம்தான் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்தோம். துணிக்கடை மாதிரியே வைத்தோம். ஆண், பெண், பிள்ளைகள் என்று தனித்தனி வரிசை. அளவு எழுதிய அட்டை. பழைய போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டு, போட்டுப் பார்க்க ஒரு மறைவு. ஒருவர் மாதத்தில் ஐந்து உருப்படி எடுக்கலாம். ஏன் வந்தீர்கள், என்ன வேலை, ரேஷன் கார்டு என்ன கலர் என்று எதுவும் கேட்பதில்லை. போட்டோ அறவே இல்லை. ஒருமுறை ஒரு கம்பெனி நாற்பது மூட்டையோடு பேனரும் கொண்டுவந்தது. வாங்குகிறவர்கள் பேனருக்கு முன்னால் நிற்க வேண்டுமாம். மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டோம். துணி போனதே என்று எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் செய்வோம்.

இத்தனை செய்தும் ஒன்றை மறந்திருந்தோம். ஒரு நாள் ஒரு சிறுமி அம்மாவோடு வந்தாள். மறுநாள் அவளுக்குப் பிறந்தநாள். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 4 செட் சீருடை கிடைக்கிறது, அதனால் பள்ளிக்கூடத்துக்குத் துணிக் கஷ்டம் இல்லை. ஆனால் பிறந்தநாள் அன்று கலர் டிரெஸ் போட்டுக்கொண்டு சாக்லேட் கொடுக்க வேண்டுமே! மஞ்சள் கவுன் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். அப்புறம் என்னைப் பார்த்து, “கண்ணாடி எங்க ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

கண்ணாடி இல்லை. துணி எடுக்க வருகிறவருக்குத் தான் எப்படி இருக்கிறோம் என்று பார்க்கத் தோன்றும் என்பது எங்களில் ஒருவர் மனதிலும் வரவில்லை. அவள் எதிர்க்கடை ஷட்டர் பக்கத்துக் கண்ணாடிக் கதவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த வாரமே ஆளுயர நிலைக்கண்ணாடி வாங்கினோம். அன்றிலிருந்து அறையில் சத்தமே மாறிவிட்டது. “இது எனக்குக் குண்டா காட்டுது”, “அந்த ஊதா உனக்கு எடுப்பா இருக்கு” என்று பேசிக்கொள்கிறார்கள். சிலர் ஒன்றும் பிடிக்காமல் வெறுங்கையோடு போகிறார்கள். அப்படிப் போவது எனக்குச் சந்தோஷம்.

டெல்லியில் 1999-இல் கூஞ்ச் அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கொடுத்தார்கள். கிராமத்து மக்கள் சேர்ந்து கிணறு வெட்டினால், பாதை போட்டால், அந்த உழைப்புக்கு ஈடாகக் கூஞ்ச் அமைப்பினர் துணி கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அதைப் பார்த்து எங்களிடமும் சிலர், சும்மா கொடுக்காதீர்கள், பத்து ரூபாயாவது வாங்குங்கள் என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. காலையில் நாலு வீடு, சாயங்காலம் மூணு வீடு பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவரிடம் இன்னும் என்ன உழைப்பு கேட்பது? பொது மருத்துவமனையில் கணவரைச் சேர்த்துவிட்டு, கட்டிய சேலையோடு திருவண்ணாமலையில் இருந்து வந்து ஒரு வாரமாக வராந்தாவில் படுத்திருக்கும் பெண்ணிடம் அந்தப் பத்து ரூபாய் இருக்குமா?

சரி, வேலைக்கு வருகிறேன். சனிக்கிழமை மூட்டைகள் வரும். கிழிசலா, கறையா, ஜிப் ஓடுகிறதா, எலாஸ்டிக் தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பாக்கெட்டில் கைவிட்டுப் பார்க்காமல் எதையும் துவைக்கப் போடுவதில்லை. பணம், சாவி, கம்மல் எல்லாம் கிடைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். உடுத்த ஆகாத பருத்தியை வெட்டி, மெக்கானிக் கடைகளுக்குத் துடைக்கிற வேஸ்ட் துணியாகக் கொடுத்துவிடுவோம். உள்ளாடை மட்டும் பழசு வாங்குவதில்லை, நன்கொடைப் பணத்தில் புதிதாகவே வாங்குகிறோம்.

எங்களிடம் குவிவது பட்டன் போன கோட்டும், பெரிய சைஸ் சட்டையும், துப்பட்டா இல்லாத சுடிதாரும். தேடி வருகிறவர்கள் கேட்பது நைட்டி, கறுப்புப் பேன்ட், உள்பாவாடை. செக்யூரிட்டி வேலைக்கோ ஓட்டல் வேலைக்கோ முதல் நாள் போகிற பையனுக்குக் கறுப்புப் பேன்ட் இல்லாமல் முடியாது. சேலை நிறைய வருகிறது, பிளவுஸ் வருவதில்லை. பிளவுஸ் இல்லாத சேலையை வாங்குகிறவர் தைக்கிற கூலிக்கு எங்கே போவார்? எங்கள் தையல்கார அக்கா பக்கத் தையலைப் பிரித்துவிட்டு ஒரு பிளவுஸை இரண்டு அளவுக்குப் பொருத்தித் தருவார். அவர் கைதான் எங்கள் கூடத்தின் பெரிய சொத்து.

போகியன்று தயவுசெய்து துணியைக் கொளுத்தாதீர்கள். இப்போது நாம் உடுத்துவதில் நிறையத் துணி பாலியெஸ்டர் கலந்தது, அதை எரிப்பதும் பிளாஸ்டிக்கை எரிப்பதும் ஒன்றுதான். 2018 போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. கிழிந்ததை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுங்கள், போகிக்கு முன்னால் அவர்களே வாங்கிக்கொள்கிறார்கள்.

நல்லதை எங்களுக்குக் கொடுங்கள். துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுங்கள். சேலையோடு அதன் பிளவுஸையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். அப்புறம், உள்பாவாடைக்கு நாடா கோத்துக் கொடுங்கள். சனிக்கிழமை மதியம் முழுக்க நாங்கள் ஆளுக்கொரு ஊக்கை வைத்துக்கொண்டு நாடா கோத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு மணி நேரம் கை கொடுக்க முடிந்தால் நீங்களும் வாருங்கள். ஊக்கு எங்களிடம் இருக்கிறது.

வணக்கம்.