வேலை செய்யும் மூலிகை வினையும் செய்யும்
(மதுரையில் மூத்த குடிமக்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, வணக்கம்.

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்று, "ஞாபக சக்திக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். வல்லாரை, நீர்ப்பிரமி, அமுக்கரா என்று பொட்டலம் வந்துவிடும். பரீட்சை எழுதப் போகும் பேரனுக்கா, மகள் பெயரையே மறந்துவிட்ட தாத்தாவுக்கா என்று யாரும் கேட்பதில்லை. பேரனுக்கு வேண்டியது தூக்கமாக இருக்கலாம். தாத்தாவின் மூளையிலோ நரம்புச் செல்கள் அழிந்துகொண்டிருக்கலாம்.

செடியில் மருந்து உண்டா? உண்டு. பூனைக்காலியைப் பாருங்கள். வளைந்த காய், மேலே பொன்னிறச் சுனை. பார்க்க வெல்வெட் போலிருக்கும்; தொட்டால் அரை நாள் சொறிய வேண்டியதுதான். அந்தக் காயின் விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து, 1937இல் வெளியிட்டவர்கள் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் ராமசாமியும். நடுக்குவாதத்துக்கு, அதாவது பார்க்கின்சன் நோய்க்கு, இன்றும் முதன்மை மருந்து அதுதான். நம் ஊர்க்காரர்கள் செய்த இந்த வேலையைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்தால் என்ன என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

பூனைக்காலி விதைப்பொடியை நோயாளிகளுக்கே கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், 30 கிராம் பொடி எல்-டோபா மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது, கூடுதல் நேரமும் நின்றது. ஆனால் பங்கேற்றவர்கள் எட்டே பேர். இதைக் கேட்டுவிட்டு, மாத்திரையோடு பொடியையும் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள். இரண்டிலும் இருப்பது ஒரே சரக்கு. அளவு மீறினால் கையும் கழுத்தும் தாமாக முறுக்கிக்கொள்ளும். தலைசுற்றலும் மனக்குழப்பமும் வரலாம்.

"மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது" என்கிறார்கள். எனக்குக் கோபம் வரும் ஒரே வாக்கியம் இது. அல்சைமர் என்ற மறதிநோய்க்குத் தரப்படும் கேலன்டமின், ஸ்னோடிராப் என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் வழியாகக் கிடைத்தது. நினைவுக்குத் துணைபோகும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூளையில் சீக்கிரம் சிதையாமல் அது காக்கிறது. அதே வேலையால் குமட்டலும் வரும், சிலருக்கு நாடித்துடிப்பும் குறையும். நோயையும் அது நிறுத்திவிடாது; சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும், அவ்வளவே.

ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சாறு, ஞாபக சக்திக்கு நல்லது என்று உலகமெங்கும் விற்றது. அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேரிடம் பல ஆண்டுகள் சோதித்து, 2008இல் முடிவைச் சொன்னார்கள்: மறதிநோயை அது தடுக்கவில்லை. நம் வல்லாரை அவ்வளவு பெரிய பரிசோதனையைச் சந்திக்கவே இல்லை. துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியான கீரை. மருந்து என்று நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

ஏனென்றால், வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், மனச்சோர்விலும் மறதி வரும். உரிய காலத்தில் கவனித்தால் இவற்றைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். முதலில் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். போகும்போது வீட்டிலுள்ள லேகிய டப்பாவையும் சூரணத்தையும் மறைக்காமல் எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள். மருத்துவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, எவ்வளவு, எத்தனை வேளை என்று சொல்லிவிடுங்கள்.