கீசர் கரண்டைக் குடிக்கிறதா, நாம் குடிக்க விடுகிறோமா?

[காட்சி: விடியற்காலை. ஓட்டு விளிம்பிலிருந்து மழை சொட்டுகிறது. குளியலறைக் கதவின் அடியில் ஆவி.]

குரல்: என் அக்கா கனடாவில் இருக்கிறாள். குளிர்காலம் நெருங்கினாலே அவள் வீட்டில் அமளிதான். ஜன்னல் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டுவார்கள், ஹீட்டருக்கு சர்வீஸ் பார்ப்பார்கள். நாகர்கோவிலில் நமக்கு அந்தப் பாடு இல்லை. மார்கழி விடியலில்கூட இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் நாமும் ஒன்றைச் சூடாக்குகிறோம்: குளிக்கிற தண்ணீர். அதுவும் நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. இடவப்பாதியில், அதாவது ஜூன் வாக்கில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. இரண்டுக்கும் கீசர் ஓடும்.

[காட்சி: வாசல் மீட்டர் பெட்டி. சிறிய சிவப்பு விளக்கு மின்னுகிறது.]

குரல்: போன வருஷம் மழை மாதத்துக் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கீசரை மட்டும் போட்டேன். சிவப்பு விளக்கு படபடவென்று மின்னியது. கால் மணி நேரத்தில் தண்ணீர் சூடாகி விளக்கு அடங்கிவிட்டது. யாரும் குழாயைத் திறக்கவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் படபட. உள்ளே தண்ணீர் ஆற ஆற, கீசர் தானாகவே சூடேற்றிக்கொண்டிருக்கிறது. பகல் முழுக்க, ஆளே இல்லாத வீட்டில்.

அம்மா தினமும் கேட்பதுதான்: “மக்களே, கீசர ஆஃப் பண்ணுனியா?” நான் பண்ணியதில்லை.

[காட்சி: ஒரு பக்கம் வாளி, மறு பக்கம் ஷவர்.]

குரல்: இனி கொஞ்சம் கணக்கு. ஒரு வாளி 16 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 டிகிரியில் இருக்கிற தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் குளிக்கப் பதமாக இருக்கும். அதற்குக் கால் யூனிட்தான் ஆகும். நாலு பேர் ஆளுக்கொரு வாளி குளித்தால் நாளைக்கு ஒரு யூனிட். பில் எடுக்கிற இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்.

அதே ஆள் ஷவரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் நின்றால்? நிமிஷத்துக்கு 8 லிட்டர் என்றாலும் 80 லிட்டர். ஒருவருக்கே ஒன்றேகால் யூனிட்டைத் தாண்டும். ஐந்து மடங்கு! ஐந்து ஸ்டார் கீசர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். அந்த ஸ்டார் சொல்வது, தொட்டியில் நிற்கிற தண்ணீர் எவ்வளவு மெதுவாக ஆறும் என்பதை மட்டும்தான். நீங்கள் எத்தனை லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

[காட்சி: கீசரின் அடிப்பக்கம். திருகும் குமிழ், நெருக்கத்தில்.]

குரல்: கீசருக்கு அடியில் இந்தக் குமிழைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் ஆறு வருஷமாக யாரும் பார்த்ததில்லை. கடைசி வரை திருகியிருந்தது, 75 டிகிரி. அவ்வளவு சூட்டில் யாரும் குளிக்கப் போவதில்லை, பச்சைத் தண்ணீர் கலந்துதான் குளிக்கிறோம். 50க்குக் குறைத்தேன். வெளியே 25 டிகிரி இருந்தால் முன்பு வித்தியாசம் 50, இப்போது 25. சும்மா ஆறிப்போகிற சூடு ஏறக்குறையப் பாதியாகிவிடும். சில மாடலில் குமிழ் மூடிக்கு உள்ளே இருக்கும். அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், மெயினை அணைக்காமல் கழற்ற வேண்டாம்.

கடலோரத்தில் உப்புத் தண்ணீர் வருகிற வீடுகளில், கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்குகிற கம்பிச்சுருள் (காயில்) மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். அதனால் பில் பெரிதாக ஏறாது, காயில்தான் சீக்கிரம் போகும். மழைக்கு முன்னால் ஒருமுறை கழுவச் சொல்லுங்கள்.

[காட்சி: கிணறு. மேலே மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி.]

குரல்: எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மார்கழியில் விடியற்காலை கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். பூமிக்குள் இருக்கிற தண்ணீரின் சூடு இரவிலும் அதிகம் மாறாது. மாடித் தொட்டியில் இருப்பதோ இரவெல்லாம் காற்றிலும் மழையிலும் ஆறிக் கிடக்கும். அதனால் ராத்திரியே தொட்டியை நிரப்பாமல், காலையில் குளிப்பதற்குச் சற்று முன் மோட்டார் போட்டுப் பாருங்கள். கீசருக்கு வேலை குறையும். வெயில் அடித்த நாளில் நேர் எதிர்: சாயங்காலம் நாலு மணிக்குக் கறுப்புத் தொட்டித் தண்ணீரே பிள்ளைகளைக் குளிப்பாட்டப் போதும்.

சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசியில் நாள் கணக்கில் வானம் மூடிக்கிடக்கும்போது அதற்குள் இருக்கிற கரண்ட் காயிலை போடுவீர்கள். 100 லிட்டர் தொட்டியை 30 டிகிரி ஏற்ற மூன்றரை யூனிட் வேண்டும். வெயில் வந்த பிறகு அந்த ஸ்விட்சை அணைக்க மறந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

மாலை போட்ட சாமிமார் இருக்கிற வீட்டில் இந்தக் கவலையே இல்லை. கார்த்திகை ஒன்றிலிருந்து பச்சைத் தண்ணீர்தான், அதுவும் இரண்டு வேளை.

[காட்சி: மாடிக் குளியலறையிலிருந்து சுவரோடு இறங்கி அடுக்களைக்குப் போகும் குழாய்.]

குரல்: கடைசியாக, என் சொந்த முட்டாள்தனம். வீடு கட்டும்போது மாடி கீசரிலிருந்தே கீழே அடுக்களைக்கும் லைன் இழுக்கச் சொன்னேன். அரை இஞ்ச் குழாய், 12 மீட்டர். அதற்குள்ளேயே ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் நிற்கும். அந்த ஆறிய தண்ணீர் போன பிறகுதான் வெந்நீர் வரும். ஒரு தட்டைக் கழுவிவிட்டுக் குழாயை மூடினால், குழாய்க்குள் நிற்கிற வெந்நீர் அப்படியே ஆறும். சுவரை உடைத்து மாற்ற மனசில்லை. அந்த லைனின் வால்வை மூடிவிட்டேன். அம்மா இப்போது சிரட்டையும் கொதும்பும் போட்டு, கொல்லைப்புற அடுப்பில் ஒரு சருவம் தண்ணீர் வைக்கிறாள்.