படகு மேலே, மாடு கீழே

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பேம்ஸ்டர் என்றொரு விளைநிலம் இருக்கிறது. டி ரைப் என்ற சிற்றூரை ஒட்டிய கரையில் ஏறி நின்றேன். ஒரு பக்கம் கால்வாயில் படகு போகிறது. மறுபக்கம் மாடு மேய்கிறது. படகு மேலே, மாடு கீழே! நான் இறங்கி நடக்கவிருந்த வயல் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3.5 மீட்டர் கீழே கிடக்கிறது.

நானூறு ஆண்டுகளுக்கு முன் அது ஏரி. 1607இல் அதை வற்றவைக்கும் வேலையில் இறங்கினார்கள். சுற்றிக் கரை போட்டு இறைத்தார்கள். டி ரைப்பில் பிறந்த காற்றாலைத் தச்சர் யான் ஆட்ரியான்சோன் லேக்வாட்டர் ஆலை வேலைகளைப் பார்த்துக்கொண்டார். 1610 புயலில் கரை உடைந்து தண்ணீர் திரும்ப உள்ளே புகுந்தது. அப்படியே விட்டுவிடவில்லை, அந்த மனிதர்கள்! மறுபடி கரை கட்டி, மறுபடி இறைத்து, 1612இல் தரையைக் கண்டார்கள். மொத்தம் 43 காற்றாலைகள். ஓர் ஆலையால் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்க முடியாது. அதனால் கீழ் ஆலை இறைத்ததை அடுத்த ஆலை வாங்கி மேலே ஏற்ற, இப்படிப் படிப்படியாகக் கால்வாய்க்குக் கொண்டுபோனார்கள்.

பாதை நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது. இருபுறமும் மரவரிசை, வாய்க்கால், நீள்சதுர வயல்கள். அன்று அளந்து பிரித்த கட்டம் பெரும்பாலும் இன்றும் அப்படியே நிற்கிறது. 1999இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எனக்கோ அந்தப் பட்டத்தைவிட அங்கே இன்றும் பால் கறக்கிறார்கள் என்பதே பெரிது.

ஓரிடத்தில் பழைய பண்ணைவீடு ஒன்றின் முன் வெகுநேரம் நின்றேன். ஸ்டோல்ப் என்பார்கள். நாற்புறமும் சரிந்து உச்சியில் கூடும் பெருங்கூரை. உள்ளே நான்கு பெருந்தூண்கள். அவற்றின் நடுவே கூரை முட்ட உலர்ந்த புல் அடுக்குவார்கள். அதைச் சுற்றி ஒருபுறம் மாட்டுத்தொழுவம், இன்னொருபுறம் குடும்பம். மனிதர், மாடு, தீவனம், எல்லாம் ஒரே கூரையின் கீழ்!

ஏரியை வற்றவைக்க முதல் போட்டவர்கள் வணிகர்கள். அவர்களில் டிர்க் வான் ஒஸ் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1602இல் கம்பெனியின் பங்குகளுக்குப் பெயர் பதிந்தது ஆம்ஸ்டர்டாமில் அவர் வீட்டில்தான். அதே கம்பெனிதான் நம் பழவேற்காட்டுக்குத் துணி வாங்க வந்தது. 1613இல் கோட்டையும் எழுப்பியது. பழவேற்காட்டு லாபத்தில்தான் ஏரி வற்றியது என்று சொல்லமாட்டேன். காலக்கணக்கு அதற்கு இடம்தராது. ஆனால் அங்கே கரை உயர்ந்ததும் இங்கே கோட்டை உயர்ந்ததும் ஒரே தலைமுறையில்.

அந்த 43 ஆலைகளும் இன்று இல்லை. நீராவி எந்திரம் வந்து, பிறகு மோட்டார் வந்தது. இறைப்பதை நிறுத்தினால் ஏரி திரும்பிவிடும். அதனால் அங்கே நீர் வாரியத்துக்கென்றே தேர்தல் உண்டு, தனி வரியும் உண்டு.

திரும்பும் வழியில் வாய்க்காலுக்குள் கோடு போட்ட அளவுகோல் ஒன்று நட்டிருந்தது. குனிந்து பார்த்தேன். பாசி படிந்த கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது தண்ணீர்.