நிலம் இல்லாத பிள்ளைக்கு வேளாண்மைப் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம். வேளாண்மைத் தொழில்களுக்கு இளைஞர்களைத் தயார்ப்படுத்துவதில் அரசுப் பல்கலைக்கழகங்களின் பங்கு பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் வேளாண் விரிவாக்கத் துறையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன், இப்போது சென்னைவாசி. பிளஸ் டூ முடிவு வந்ததும் அக்கம்பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்ல. பொண்ணு அக்ரி படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. படிச்சுட்டு எங்க போய் விவசாயம் பண்ணுவா?"

பிள்ளையிடம் நிலம் இல்லை, சரி. பல்கலைக்கழகத்திடம் இருக்கிறதே! அரசு வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் மற்ற கல்லூரிகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான் என்பது என் எண்ணம். கட்டடத்தை யார் வேண்டுமானாலும் இரண்டு வருஷத்தில் எழுப்பிவிடலாம். கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலை அப்படி எழுப்ப முடியாது. ஒரே நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்குத் தழைச்சத்தான நைட்ரஜன் மட்டும், இன்னொன்றுக்கு மணிச்சத்தான பாஸ்பரஸும் சேர்த்து, வேறொன்றுக்கு எதுவுமே இல்லை என்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறார்கள். எருவே காணாத பாத்தியின் ஓரத்தில் மாணவனை நிறுத்தி "பயிரைப் பார்" என்று சொன்னால் போதும். மண் வளம் பற்றி நான் ஒரு மணி நேரம் கரும்பலகையில் எழுதுவதை அந்தப் பாத்தி ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும்.

இந்தக் கதை தொடங்கியது நம் ஊரில்தான் என்பது சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் வேர் என்று குறிப்பிடுவது 1868இல் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட வேளாண் பள்ளியை. இன்று சைதாப்பேட்டையில் இறங்கி "இங்கே வயல் எங்கே இருந்தது?" என்று கேட்டால் சிரிப்பார்கள். 1906இல் அது கோவைக்குப் போனது. 1971 ஜூன் முதல் தேதி பல்கலைக்கழகம் ஆனது.

பள்ளி கோவைக்குப் போனாலும் ஆராய்ச்சி நிலையங்கள் மாநிலம் முழுக்கப் பரவின. திருவள்ளூர் பக்கத்தில் திரூரில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்ற எழுத்தோடு வரும் நெல் ரகங்களெல்லாம் அங்கே பிறந்தவை. அதில் டி.கே.எம். 6 என்று ஒரு பழைய ரகம். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அந்தக் குணத்துக்காக அதை இன்னொரு ரகத்தோடு ஒட்டுச் சேர்க்க எடுத்துக்கொண்டார்கள். ஐ.ஆர். 20 அப்படி வந்தது. ஒரு காலத்தில் ரேஷன் கடையிலும் கல்யாணப் பந்தியிலும் ஐ.ஆர். இருபது என்று கேட்டோமே, அதன் ஒரு பக்கத்து வம்சம் திருவள்ளூர். டி.கே.எம். 6-க்குத் தாய்வழி எது என்று பார்த்தால், கோவை நெல் நிலையத்தில் தேர்வாகி 1921இல் வெளிவந்த ஜி.இ.பி. 24. கிச்சிலி சம்பா என்று சொன்னால் வயதானவர்களுக்குப் புரியும். அதே ஜி.இ.பி. 24-ஐ ஜப்பானிய ரகம் ஒன்றோடு ஒட்டுச் சேர்த்துத்தான் ஆடுதுறை 27 எடுத்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. 1960களில் திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத்தான் விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். வானொலியில் பேசும்போது இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஏன் இந்த வம்சாவளி? நெல் ஒட்டுச் சேர்ப்பதைப் புத்தகத்தில் படிக்கலாம்தான். ஆனால் அது கை பழக வேண்டிய வேலை. நெல் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும் பூ. மறுநாள் விரியப் போகிற பூவை முந்தின நாள் சாயங்காலமே அடையாளம் கண்டு, உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் போச்சு. பிறகு காகித உறை மாட்டி, மறுநாள் காலை வெயில் ஏறும் நேரத்தில் இன்னொரு ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து மேலே தட்ட வேண்டும். பி.எஸ்ஸி. ஹானர்ஸ் வேளாண்மை நான்கு வருஷப் படிப்பு. அதில் இப்படிக் குனிந்து செய்கிற வேலை எத்தனை மணி நேரம் என்பதை வைத்தே ஒரு கல்லூரியை எடை போடலாம்.

வேளாண்மை என்றால் பயிர் மட்டும் இல்லையே. சென்னைப் பிள்ளைகளுக்குக் கால்நடை மருத்துவம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. 1989இல் மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு கால்நடைகளுக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்தது. ஐந்தரை வருஷப் படிப்பு, அதில் ஒரு வருஷம் முழுக்கப் பயிற்சி மருத்துவர் வேலை. வேப்பேரி மருத்துவமனைக்கு ஒரு காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். லாப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வருபவரும், மடிநோய் கண்ட மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருபவரும் ஒரே வாசலில் நிற்பார்கள். காட்டுப்பாக்கத்தில் பண்ணை இருக்கிறது. நந்தனம் என்றதும் உங்களுக்கு மெட்ரோ நிலையம்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு நந்தனம் கோழி. அங்கே இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இனம். நந்தனம் வான்கோழியும் உண்டு. மீன்வளத்துக்கு 2012இல் நாகப்பட்டினத்தில் தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அதன் கல்லூரிகளில் ஒன்று பொன்னேரியில், நமக்கு ரொம்பப் பக்கம்.

இனி, எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கிராமத் தங்கல். காகிதத்தில் 'கிராமப்புற வேளாண் பணி அனுபவம்' என்று நீளமாக எழுதுவார்கள், அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி மாணவர்கள் சொல்வது 'ராவே'. நான்காம் ஆண்டில் குழுக் குழுவாகப் பிரித்து ஒவ்வொரு வட்டாரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தங்க இடம் பார்ப்பது, சமையல், பஸ் நேரம் எல்லாம் அவர்கள் பாடு. ஊர் மந்தையில் கோலமாவை எடுத்து ஊரின் வரைபடம் போடச் சொல்வோம். ஏரி எங்கே, கிணறு எங்கே, காலனி எங்கே, ரேஷன் கடை எங்கே என்று ஊர்க்காரர்களே சுற்றி நின்று திருத்துவார்கள். "வாய்க்கால் அந்தப் பக்கம் போகலம்மா, இந்தப் பக்கம்" என்று ஒரு பாட்டி கோலமாவைப் பிடுங்கி வரைவார். எந்தத் தெரு கடைசியில் விடுபட்டது, யார் பேசவே இல்லை என்று கவனிக்கிற பிள்ளைதான் நாளைக்கு நல்ல அலுவலர் ஆவாள்.

உள்ளூர்ப் பதிப்புச் செய்தித்தாளில் அடிக்கடி ஒரு சின்னச் செய்தி பார்த்திருப்பீர்கள்: 'வேளாண் கல்லூரி மாணவிகள் செயல்விளக்கம்', கூடவே வெள்ளைக் கோட்டில் ஒரு படம். அது இந்தப் பிள்ளைகள்தான். உப்புக் கரைசலில் முட்டை மிதக்கிறதா என்று பார்த்து, அதே தண்ணீரில் விதைநெல்லைக் கொட்டிப் பதரைப் பிரித்துக் காட்டுவார்கள். தென்னைக்கு வேர் வழியாக டானிக் கட்டுவார்கள். அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியை வளர்க்கத் தொட்டி போடுவார்கள். கிண்டலாகத் தெரியலாம், எத்தனையோ வருஷமாக நெல் போடுகிற பெரியவருக்கு இருபது வயசுப் பெண் விதைநெல் பாடம் எடுக்கிறாளே என்று. பெரியவரும் விடமாட்டார். "சரிம்மா, போன வருஷம் இதே மாதிரி செஞ்சும் ஏன் குலை நோய் வந்துது?" என்பார். தேர்வில் அந்தக் கேள்வி வராது. அந்தப் பெண் அன்றைக்கு ராத்திரி பேராசிரியருக்குப் போன் பண்ணுவாள், புத்தகத்தைப் புரட்டுவாள், மறுநாள் வயலில் போய்ப் பார்ப்பாள், தழைச்சத்து கூடிப் போனதைக் கண்டுபிடிப்பாள். அவளுக்குப் படிப்பு தொடங்கியது அன்றைக்குத்தான் என்பேன்.

மண் மாதிரி எடுப்பதையும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். மரத்தடி, வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம் எல்லாம் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுத்து, மொத்தமாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். இது தெரியாமல் வாசல் ஓரத்து மண்ணை ஒரு கை அள்ளிக் கொடுத்தால், எவ்வளவு நல்ல ஆய்வகமாக இருந்தாலும் வாசல் மண்ணுக்குத்தான் உரம் சொல்லும்.

இதிலே எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. இந்தக் கிராமத் தங்கலை நான்காம் ஆண்டுவரை தள்ளிப்போடுவது தவறு. முதல் வருஷமே ஒரு மாதமாவது அனுப்ப வேண்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கு அது இன்னும் அவசியம். அம்பத்தூரிலும் ஆலந்தூரிலும் வளர்ந்த பிள்ளை களையையும் நாற்றையும் முதல் செமஸ்டரில் பிரித்துப் பார்க்கப் பழகினால், அதற்கப்புறம் படிக்கிற ஒவ்வொரு பாடமும் கண்ணில் ஒட்டும். இப்போது மூன்று வருஷம் பூச்சிகளின் லத்தீன் பெயரை மனப்பாடம் செய்துவிட்டு, கடைசியில் வயலுக்குப் போய் அந்தப் பூச்சியைத் தேடுகிறார்கள். இன்னொன்று, வாங்கல் விற்றல் பாடம் போதாது. கோயம்பேட்டில் விடியற்காலை தக்காளி விலை எப்படி முடிவாகிறது என்று ஒரு வாரம் நின்று பார்க்காமல் வேளாண் வணிகத்தில் ஒருவர் பட்டம் வாங்கிவிட முடியும் என்பது வேடிக்கைதான்.

வேலைக்கு வருவோம். முதலில் எல்லாரும் நினைப்பது டி.என்.பி.எஸ்.சி. எழுதி வேளாண் அலுவலர் ஆவது. நல்ல வேலைதான், ஆனால் இடங்கள் குறைவு. அதை மட்டுமே நம்பி அறை எடுத்துப் படித்துக்கொண்டே வருஷங்களைக் கரைக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலை இருக்கிறது, அதற்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு. விதைச் சான்று, உணவுப் பதப்படுத்தல், பால் நிறுவனங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் என்று அப்புறம் பல வாசல்கள். பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்குக் கல்வித் தகுதி வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. கிராமத்து விவசாயி முதலில் போய் ஆலோசனை கேட்கிற இடம் அந்தக் கடைதான். அங்கே படித்த பிள்ளை உட்கார்ந்தால், ஒரு மருந்து தேவைப்படுகிற இடத்தில் மூன்று மருந்து கட்டித் தருவது குறையும். சொந்தத் தொழிலுக்கு, வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையம் என்ற மத்தியத் திட்டம் 2002 முதல் நடக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சி, பிறகு வங்கிக் கடன், திட்டச் செலவில் 36 சதவீதம் மானியம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 44 சதவீதம். ஆக, நிலம் இல்லாத அந்தப் பெண் எங்கே போவாள் என்றால், நிலம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தேடி வருகிற இடத்துக்குப் போவாள்.

செலவு பற்றி இரண்டு வார்த்தை. அரசுக் கல்லூரிக் கட்டணத்தைத் தனியாரோடு ஒப்பிடவே வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் வேளாண்மை, கால்நடை, மீன்வளப் படிப்புகளிலும் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. வேளாண்மையும் தோட்டக்கலையும் தமிழ் வழியிலேயே படிக்கலாம். நான்கு வருஷம் வேண்டாம் என்றால் இரண்டு வருஷ டிப்ளமோவும் இருக்கிறது, அதை முடித்தால் உதவி வேளாண் அலுவலர் தேர்வு எழுதலாம்.

கடைசியாக, ஒவ்வொரு வருஷமும் பெற்றோர் கோட்டைவிடுகிற ஒரு விஷயம். பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்தால் வேளாண்மைக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம், மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. தனியார் கல்லூரியில் சேர்க்கிறீர்கள் என்றால், எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அங்கீகாரம் இருக்கிறதா, பண்ணை நிலம் எத்தனை ஏக்கர் என்று மூன்று கேள்வி கேளுங்கள். முதல் இரண்டுக்கும் காகிதம் காட்டுவார்கள். மூன்றாவதற்குக் காகிதம் வேண்டாம், நடந்து போய்ப் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். வணக்கம்.