ஆறு விமானம், ஆறு எஞ்சின்: இந்திய விமானப்படையின் கலவைக் கணக்கு

(திரையில்: சண்டிகர் விமானத்தளம். ஓடுதளத்தில் வந்து நிற்கும் மிக்-21. இரண்டு பக்கமிருந்தும் அதன்மேல் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள்.)

2025 செப்டம்பர் 26. சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடைகொடுத்தார்கள். 1963-ல் முதல் மிக்-21 அணி உருவானதும் இதே ஊரில்தான். அறுபத்திரண்டு வருட சர்வீஸ். பேரன் ஓட்டுகிற விமானத்தைத் தாத்தாவும் ஓட்டியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் இந்திய விமானப்படையின் கையில் மிச்சமிருந்தது 29 ஸ்க்வாட்ரன். அரசு அனுமதித்திருப்பது 42. ஒரு ஸ்க்வாட்ரன் என்றால் 16 முதல் 18 விமானங்கள். அப்படியானால் இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் குறைகின்றன.

சரி, இருக்கிறதிலேயே நல்ல விமானமாகப் பார்த்து இருநூறு வாங்கிப் போட்டால் முடிந்ததா? இந்தக் கேள்வியில் ‘நல்ல விமானம்’ என்ற இடத்தில்தான் சிக்கலே இருக்கிறது.

(திரையில்: மூன்று விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில். இந்தியாவின் தேஜஸ், பிரான்சின் ரஃபேல், ரஷ்யாவின் சுகோய்-30.)

இந்த மூன்றின் எடையைப் பாருங்கள். ஆயுதம், எரிபொருள் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது தேஜஸ் அதிகபட்சம் 13.5 டன். ரஃபேல் 24.5 டன். சுகோய் 38 டன்னுக்கும் மேல். மூன்றுமே போர் விமானம்தான், ஆனால் வேலை வேறு. கடைக்குப் போய் மல்லித்தழை வாங்கிவர யாரும் லாரியை எடுப்பதில்லை. அதற்காக வீட்டைக் காலி செய்யும் அன்று ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லாரி எதற்கு என்று தெரிய தஞ்சாவூர் போகலாம். 2020 ஜனவரியில் அங்கே 222-வது ஸ்க்வாட்ரன், டைகர் ஷார்க்ஸ், சுகோய் விமானங்களோடு தொடங்கியது. சுகோயின் வயிற்றுக்குக் கீழே ஒரே ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தொங்கும். எடை சுமார் இரண்டரை டன். அதைத் தூக்கிக்கொண்டு இந்தியப் பெருங்கடலுக்குள் வெகுதூரம் போய், கப்பலைக் குறிவைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். தேஜஸின் வயிற்றில் கட்டினால் தேஜஸே தாங்காது.

தேஜஸுக்கும் ஒரு தமிழ்நாட்டு முகவரி உண்டு, கோயம்புத்தூர் பக்கத்தில் சூலூர். 2016-ல் பெங்களூரில் உருவான முதல் தேஜஸ் அணி, ஃப்ளையிங் டாகர்ஸ், பிறகு அங்கே போனது. எல்லைக்கு அருகே வானத்தைக் காவல் காப்பது, ஊடுருவும் விமானத்தை விரட்டுவது, பக்கத்து இலக்கைத் தாக்குவது. தினமும் செய்ய வேண்டிய இந்த வேலைக்கு எண்ணிக்கைதான் முக்கியம். அதற்கு இரண்டு எஞ்சின் யானை எதற்கு? யானையைக் கட்டித் தீனி போடுகிற செலவு வாங்கிய செலவோடு நிற்காது.

கனமானது கொஞ்சம், லேசானது நிறைய. அமெரிக்காவே 1970-களில் கனமான எஃப்-15 விலை அதிகம் என்று லேசான எஃப்-16-ஐப் பக்கத்தில் நிறுத்தியது. இந்தியாவிலோ இது தலைகீழாகிவிட்டது. கனமான சுகோய் 250-க்கும் மேல் இருக்கிறது. லேசான தேஜஸ் இன்னும் இரண்டு ஸ்க்வாட்ரனைத் தாண்டவில்லை. இப்படி ஒரு கலவையைக் காகிதத்தில் உட்கார்ந்து யாரும் திட்டமிட மாட்டார்கள். வருகிறது வருகிறது என்று எதிர்பார்த்த விமானங்கள் வராததால் தானாக உருவான கலவை இது.

(திரையில்: கார்கில் மலைமுகடுகள், 1999.)

நடுத்தர எடைக்கு என்ன ஆயிற்று? அந்தக் கதையைக் கார்கிலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 16,000, 17,000 அடி உயரத்தில் பதுங்கு குழிகள். சாதாரண குண்டுகள் அந்த மலைவிளிம்பில் குறி தவறின. மிக் விமானங்களை இழந்தோம். அப்புறம் பிரெஞ்சு மிராஜ் 2000 வந்தது. லேசர் வழிகாட்டிய குண்டு டைகர் ஹில் மேல் துல்லியமாக விழுந்தது. அந்த அனுபவத்தில் விமானப்படை இதே மிராஜில் இன்னும் நிறைய வாங்கலாம் என்று நினைத்தது. என் கணக்கில், அதுதான் கைக்கெட்டிய நேரம். பழகிய விமானம், பழகிய பணியாளர்கள், ஏற்கெனவே இருக்கும் குவாலியர் தளம்.

ஆனால் அது உலகளாவிய டெண்டராக மாறியது. 2007-ல் 126 விமானங்களுக்கு அறிவிப்பு. ஆறு விமானங்கள் போட்டியிட்டன: ரஃபேல், டைஃபூன், கிரிப்பன், எஃப்-16, எஃப்-18, மிக்-35. ஒற்றை எஞ்சின் கிரிப்பனும் இரட்டை எஞ்சின் டைஃபூனும் ஒரே பந்தியில். ‘என்ன வேலைக்கு வாங்குகிறோம்’ என்பது தெளிவாக இருந்திருந்தால் இந்த இரண்டும் ஒரே பட்டியலில் வந்திருக்கவே கூடாது. பெங்களூரின் ஈரக்காற்று, ஜெய்சல்மேரின் வெயில், 3,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் லே என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். லேயில் காற்று மெலிந்தது. எஞ்சின் முழுமூச்சில் ஓடினாலும் சமவெளியில் தருகிற உந்துவிசை அங்கே கிடைக்காது. ஆயுதத்தையோ எரிபொருளையோ குறைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். காட்சி விழாவில் குட்டிக்கரணம் அடிக்கும் விமானம் இங்கே பாதிச் சுமையோடு திணறலாம்.

2012-ல் ரஃபேல் ஜெயித்தது. விலை, தயாரிப்புப் பொறுப்பு என்று பேச்சுவார்த்தை இழுத்தது. 2015-ல் அந்த டெண்டரையே கைவிட்டு, 36 விமானங்கள் நேரடியாக வாங்குவதாக முடிவானது. 126 என்று ஆரம்பித்து 36-ல் நின்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. 2020 ஜூலை 29-ல் முதல் ஐந்து அம்பாலாவில் இறங்கின.

இங்கே விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 36 ரஃபேலுக்குச் சுமார் 59,000 கோடி. தேஜஸின் மேம்பட்ட வடிவமான மார்க் 1ஏ 83-க்கு 2021-ல் சுமார் 48,000 கோடி. உடனே கால்குலேட்டரை எடுத்து வகுத்தால் ஒரு ரஃபேல் காசில் கிட்டத்தட்ட மூன்று தேஜஸ் வரும். ஆனால் ரஃபேல் ஒப்பந்தத்தில் ஏவுகணைகள், உதிரி பாகங்கள், இந்தியாவுக்கென்று செய்த மாற்றங்கள், பராமரிப்பு எல்லாம் சேர்த்தி. வீட்டு விலையையும், நாற்காலி கட்டிலோடு விற்கிற வீட்டு விலையையும் ஒப்பிட்டால் எப்படி?

(திரையில்: ஆறு எஞ்சின்களின் படம், ஒவ்வொன்றாக.)

இப்போது தலைப்புக்கு வருவோம். மிக்-21 போன பிறகு மிச்சமிருப்பது ஆறு வகை: சுகோய்-30, மிக்-29, மிராஜ் 2000, ஜாகுவார், ரஃபேல், தேஜஸ். ஆறுக்கும் ஆறு எஞ்சின். சுகோய்க்கும் மிக்-29-க்கும் வேறு வேறு ரஷ்ய எஞ்சின். மிராஜுக்கும் ரஃபேலுக்கும் வேறு வேறு பிரெஞ்சு எஞ்சின். ஜாகுவாருக்கு இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து செய்தது. தேஜஸுக்கு அமெரிக்க எஃப்-404.

ஒரே வீட்டில் ஆறு அடுப்பு, ஆறு விறகு. மிக்-29 எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் டெக்னீஷியன் மிராஜ் பக்கம் போனால் பழையபடி பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும். ஜாகுவாரை இன்று பறக்கவிடும் விமானப்படை உலகத்திலேயே இந்தியா மட்டும்தான். கடையில் பாகம் கிடைக்காது. அதனால் பிரான்சும் ஓமனும் ஓரங்கட்டிய ஜாகுவார்களை வாங்கி, பிரித்து, பாகம் எடுக்கிறார்கள்.

விமானம் எத்தனை என்பதைவிட நாளைக் காலை எத்தனை கிளம்பும் என்பது முக்கியம். 2014 வாக்கில் சுகோய்களில் ஏறக்குறைய பாதிதான் எந்த நேரமும் பறக்கத் தயாராக இருந்தது. மீதி ஷெட்டில், பாகத்துக்குக் காத்துக்கொண்டு. உதிரி பாகத்தை நேரத்துக்கு வரவழைத்து அந்தத் தயார்நிலையை 75 சதவீதத்துக்கு ஏற்றியிருந்தாலே, புதிதாக ஒன்றுகூட வாங்காமல் சுமார் ஐம்பது விமானங்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். இதற்கு வாட்டர் சல்யூட்டும் கிடையாது, டிவியில் தலைப்புச் செய்தியும் கிடையாது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரே வகையாக்கிவிடலாமே? அதுவும் ஆபத்து. 2014 அக்டோபரில் புனே அருகே ஒரு சுகோய் விழுந்தது. விமானிகள் உட்காரும் இருக்கை தானாக வெளியே தூக்கி வீசியது என்ற சந்தேகத்தில் எல்லா சுகோய்களையும் வாரக்கணக்கில் தரையில் நிறுத்தினார்கள். இருநூறு விமானம், ஒரே நாளில். வேறு வகை இல்லாத விமானப்படையாக இருந்திருந்தால்? 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டது; தேஜஸ் திட்டம் அடிவாங்கியது. பிரான்ஸ் தடை போடவில்லை. அடுத்த ஆண்டே கார்கிலில் மிராஜ் பறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக ஆறும் அதிகம், ஒன்றும் குறைவு. எனக்குச் சரியாகப் படுவது மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு குடும்பம். அதில் ஒன்றின் உற்பத்தியாவது நம் கையில் இருக்க வேண்டும். நம் கையில் என்பதிலும் ஒரு முடிச்சு உண்டு: மார்க் 1ஏ-வுக்கு 99 எஞ்சின்களை 2021-ல் அமெரிக்காவில் ஆர்டர் செய்தோம். முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். விமானத்தின் உடம்பு பெங்களூரில் தயாராக இருந்தது, இதயம்தான் அதுவரை கப்பலேறவில்லை. இந்த நிலையில்தான் 2025 செப்டம்பரில் இன்னும் 97 மார்க் 1ஏ-வுக்கு 62,370 கோடிக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. வரப்போகும் தேஜஸ் மார்க் 2-க்கும், ரேடாரில் எளிதில் சிக்காத ஆம்கா விமானத்தின் முதல் வடிவத்துக்கும் ஒரே எஃப்-414 எஞ்சின். அது எஃப்-404-லிருந்து வளர்ந்த எஞ்சின்தான். வானில் எதிரி விமானத்தைத் தாக்கும் இந்திய ஏவுகணையான அஸ்திராவும் சுகோயோடு நிற்காமல் தேஜஸுக்கும் போகிறது. அடுப்பு குறைவதற்கான முதல் அறிகுறி இவை.

(திரையில்: அம்பாலா விமானத்தளம், விடியற்காலை.)

அது வரைக்கும் அம்பாலாவுக்குப் போனால் இன்றைய கலவையை ஒரே ஓடுதளத்தில் பார்க்கலாம். 1979-ல் சேர்ந்த ஜாகுவார் ஒரு பக்கம், 2020-ல் சேர்ந்த ரஃபேல் இன்னொரு பக்கம். தளம் ஒன்று, காவல் காக்கும் வானமும் ஒன்று. ஸ்டோர் ரூமில் மட்டும் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.