தம் இருந்தால்தான் கையில் கம்பு நிற்கும்

நடுவர் அவர்களே, கடல்காற்றில் மைக் இரைவதையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாம்பன் பெரியவர்களே, வணக்கம். தற்காப்புக் கலையில் வெற்றி தருவது அடிமுறையா, அதாவது அடிக்கிற உத்தியா, இல்லை மூச்சுப் பயிற்சியா? மூச்சுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு வீடியோவைச் சொன்னார். ஒருவர் தொடாமலே கையை நீட்டுகிறார், பத்துப் பேர் சரிகிறார்கள், இதுதானே உங்கள் சீன மூச்சுப் பயிற்சி, சீகுங் என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். ஐயா, அதை நானும் நம்பவில்லை. விழுந்தவர்கள் எல்லாம் அவருடைய சிஷ்யப் பிள்ளைகள். வாத்தியார் கை நீட்டினால் விழாமல் என்ன செய்வார்கள்?

சீகுங்கில் மாயம் இல்லை. 'சீ' என்றால் மூச்சு, உயிர்க்காற்று. 'குங்' என்றால் நாள்பட்ட உழைப்பில் கைவரும் தேர்ச்சி; குங்ஃபூவில் இருக்கிற அதே குங். மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி கையை வளைத்து, முழங்காலை லேசாக மடக்கி, அசையாமல் நிற்பது அதில் ஒரு பாடம். சும்மா நிற்கிற மாதிரிதான் தெரியும். நின்று பாருங்கள், தொடை நடுங்கும், மூச்சு நெஞ்சுக்கு ஏறும். அதை அடிவயிற்றுக்கு இறக்குவதுதான் பயிற்சி. சீனாவுக்குப் போய் இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்ததாகக் கதை வழங்கும் துறவி போதிதர்மரை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. அவர் பெயரில் வழங்கும் பயிற்சி நூலே 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

என் சாட்சி நம்மூர் அக்காமார்தான். கடல்பாசி எடுக்கப் போகிறவர்களிடம் சிலிண்டர் உண்டா, குழாய் உண்டா? கண்ணாடியை மாட்டி, விரலில் துணியைச் சுற்றி முங்கி, பாறையில் இருப்பதைப் பறித்து வருகிறார்கள். தம் கட்டத் தெரியாவிட்டால் கைவலு என்ன செய்யும்? மூச்சு முட்டுகிறதே, அது பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்து வருவதில்லை. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால் வருவது. பழகினால் அந்த முட்டலைப் பதறாமல் தாங்கலாம். இளவட்டங்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: முங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோய், முட்டல் தெரியாமலே தண்ணிக்குள் நினைவு தப்பிவிடும். தனியாக முங்கிப் பழகவும் வேண்டாம். பட்டிமன்றம் கிடக்கட்டும், உயிர் பெரிது.

களத்துக்கு வருகிறேன். நான் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறவன். முதல் வீச்சிலேயே தோற்ற பிள்ளையை நான் பார்த்தது குறைவு. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியதும் தோள் ஏறும், பிடி இறுகும், மணிக்கட்டு கட்டையாகும். ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்த காலடி அத்தனையும் அங்கேயே மறந்துபோகும். டேக்வாண்டோவில் 2 நிமிடச் சுற்று 3, நடுவில் 1 நிமிடம் ஓய்வு. அந்த 1 நிமிடத்தில் வாயைப் பிளந்து நிற்கிறவனும், நீளமாக மூச்சை விட்டு நெஞ்சுத் துடிப்பை இறக்கிக்கொள்கிறவனும் அடுத்த சுற்றில் ஒரே ஆளா?

அடிமுறை வேண்டாம் என்று யார் சொன்னது? அது கம்பு, பிடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் மைக்கைப் பிடிக்கும் முன் அந்தத் தூண் ஓரமாகக் கண்ணை மூடி நாலு தரம் ஆழமாக மூச்சை இழுத்து விட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது எந்த அடிமுறை என்று அவரிடமே கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.