பிளாக்டன் பள்ளியின் தலைமையாசிரியர்

வணக்கம் மக்களே. இப்போது நான் நிற்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், பிளாக்டன் என்ற ஊரில். இன்வர்னஸில் ரயில் ஏறினால், கடைசி நிலையமான கைலுக்குக் கொஞ்சம் முன்னால் வரும். எனக்குப் பின்னால் கரையோரம் பனை மாதிரி தெரிகிறதே, அது பனை இல்லை, நியூசிலாந்து மரம். இந்தக் குளிரில் எப்படித்தான் நிற்கிறதோ! சரி, மரம் பார்க்க வரவில்லை.

இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் 1956 முதல் 1972 வரை தலைமையாசிரியராக இருந்தவர் சோர்லி மெக்லேன். பெயரைத் தேடிப் பார்த்தால், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கவிஞர், 1990-இல் கவிதைக்கான அரசியின் தங்கப் பதக்கம் வாங்கியவர் என்றெல்லாம் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அவர் பார்த்த வாத்தியார் வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. கவிதை ரசிகர்கள் கமெண்டில் திட்டுவீர்கள், பரவாயில்லை.

1911-இல் ராசே தீவில் பிறந்தவர். அப்பா தையல்காரர். வீட்டில் பேச்சு கேலிக், பாட்டியிடம் கேட்டது பழைய கேலிக் பாட்டுகள். பள்ளிக்கூடம் மட்டும் ஆங்கிலம். ஸ்காட்லாந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்று 1872-இல் சட்டம் போட்டார்களே, அதில் கேலிக் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. கேலிக் பேசும் பகுதிகளில் அதைக் கற்பிக்க வேண்டும் என்று சட்டத்தில் வந்ததே 1918-இல்தான். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்த பாடமும் ஆங்கில இலக்கியம். கேலிக் படித்தால் வேலை கிடைக்காது, அவ்வளவுதான் காரணம். அப்புறம் ஆங்கில வாத்தியார் ஆனார், போருக்குப் போனார், 1942-இல் எகிப்தின் எல் அலமைனில் கண்ணிவெடியில் கால்கள் நொறுங்கின, திரும்பி வந்து மறுபடி வகுப்பறை.

இங்கே தலைமையாசிரியராக வந்ததும் கண்ணில் பட்டது ஒரு தேர்வுச் சிக்கல். பள்ளி இறுதியில் எழுதும் 'ஹையர்' தேர்வில் கேலிக்குக்கு ஒரே வினாத்தாள். அது பிறந்ததிலிருந்து கேலிக் பேசும் பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்டது. ஆனால் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசி, பள்ளியில் வந்து கேலிக் கற்ற பிள்ளைகளும் வகுப்பில் இருந்தார்கள். அவர்களும் அதே தாளைத்தான் எழுத வேண்டும். பிரெஞ்சு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, அங்கே எல்லோருமே புதிதாகக் கற்பவர்கள். மதிப்பெண்ணை நினைக்கிற பிள்ளை எதை எடுக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

புதிதாகக் கற்பவர்களுக்குத் தனித் தேர்வு வேண்டும் என்று மெக்லேன் விடாமல் போராடினார். 1968-இல் அது வந்தது. வினாத்தாளை மாற்றியதற்கு யாரும் சிலை வைக்க மாட்டார்கள். ஆனால் தாய்மொழியாகப் பேசுபவர்கள் குறைந்துகொண்டே போகும்போது, வெளியிலிருந்து வருபவனுக்கும் கதவைத் திறக்காவிட்டால் அந்தப் பாடமே வகுப்பறையை விட்டுப் போய்விடும். இதை அவர் அப்போதே பார்த்துவிட்டார்.

இத்தனைக்கும் இந்த மூலைக்கு ஆசிரியர்கள் கிடைப்பதே கஷ்டம். பள்ளி வேலையிலேயே பொழுது போய், அந்த வருஷங்களில் கவிதை எழுத அதிகம் நேரம் கிடைக்கவில்லை. ஷின்டி விளையாட்டுக்கு மட்டும் நேரம் இருந்திருக்கிறது! ஹாக்கிக்குச் சொந்தக்கார விளையாட்டு, கொஞ்சம் முரட்டு ரகம். கல்லூரி அணியிலேயே ஆடியவர்.

ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. ஸ்கை தீவில் 1973-இல் ஒரு பழைய பண்ணைக் கட்டடத்தில் சவுல் மோர் ஆஸ்டிக் என்ற கேலிக் கல்லூரி தொடங்கியது. அதன் ஆரம்ப காலத்தில் அங்கே உறைகவிஞராக, அதாவது கல்லூரியின் கவிஞராக, இருந்தார். 1985-இல் கிளாஸ்கோவிலும் இன்வர்னஸிலும் கேலிக் வழிக் கல்வி வந்ததை அவர் பார்த்தார். 1996-இல் காலமானார். கேலிக்குக்கும், அங்கே பேசும் இன்னொரு மொழியான ஸ்காட்ஸுக்கும் அதிகாரபூர்வத் தகுதி தரும் சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2025-இல்தான்.

அடுத்த வீடியோ ராசேயிலிருந்து. ஸ்கை தீவின் ஸ்கான்சரில் படகு ஏற வேண்டும். மழை விட்டால் கிளம்பிவிடுவேன்.